மூச்சுப் பகுப்பாய்வும் ‘கண்டறிதல்’ என்னும் சொல்லும்: நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை பற்றி மும்பைத் தமிழ்ச் சூழலில் ஒரு நோக்கு

0. முன்னுரை

மூச்சுக்கும் மொழிக்கும் உள்ள உறவு தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களைச் சார்ந்து நின்று, வாயுறுப்புகளின் தொழிலால் எழுத்தொலிகளாக வேறுபடுவதை விளக்குகிறது. ஒலியாக மாறும் மூச்சை ஆராய்வது ஒலியியல். ஒலியாகாமல் வெளியேறும் மூச்சில் கலந்துள்ள வேதிப்பொருள்களை ஆராய்வது, கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்துள்ள மூச்சுப் பகுப்பாய்வு. இத்துறையில் மிகுதியான எதிர்பார்ப்பை எழுப்பியிருப்பது நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வு.

இவ்வாய்வைத் தமிழில் எடுத்துரைக்கும் செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் ‘மூச்சின் மூலம் புற்றுநோயைக் கண்டறிதல்’ என்னும் தொடரையே ஆளுகின்றன. இத்தொடர் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் செய்தியை முதலில் விளக்கி, அதன்பின் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் எடுத்துக்கொள்ளப்படும். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் செறிந்து வாழும் மும்பை நகரம் இதற்குக் களமாகிறது. அங்குள்ள காற்று, நோய்ச்சூழல், பன்மொழி வழக்கு ஆகிய மூன்றும் இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுவன.

1. வெளிமூச்சின் உள்ளடக்கம்

ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை வெளிவிடுகிறார். நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, நீராவி ஆகியன அதன் பெரும்பகுதி. எஞ்சிய மிகச் சிறு பகுதியில் நூற்றுக்கணக்கான கரிமச் சேர்மங்கள் உள்ளன. அவை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலோ அதனினும் குறைவாகவோ காணப்படுவன. 1971இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும் மூச்சைக் குளிர்வித்துச் சேகரித்து, வளிம நிறப்பிரிகை முறையால் ஏறத்தாழ 250 பொருள்களைப் பிரித்துக் காட்டினர். இத்துறையின் தொடக்கமாக அவ்வாய்வு கருதப்படுகிறது.

இச்சேர்மங்கள் ‘எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’ எனத் தமிழில் வழங்குகின்றன. இப்பெயர் நன்கு அமைந்த ஒன்று. ‘ஆவி’ என்னும் சொல் நீராவி, மூச்சு, உயிர் ஆகிய மூன்று பொருளையும் தருவது. சூட்டினால் வளிமமாகும் தன்மையைக் குறிக்க எடுத்தாண்ட சொல், அப்பொருள் உயிர்ப்பில் கலந்து வெளிவருவதையும் உடன் உணர்த்துகிறது.

இச்சேர்மங்கள் மூச்சை அடையும் வழிகள் இரண்டு. ஒன்று உடலின் உள்ளிருந்து வருவது. உயிரணுக்களின் கொழுப்புப் படலம் ஆக்சிஜனேற்றத்தால் சிதையும்போது அல்கேன் வகைச் சேர்மங்களும் ஆல்டிகைடுகளும் உண்டாகின்றன. கொலஸ்டிரால் உருவாகும் வழியோடு தொடர்புடையது ஐசோப்ரீன். இவை குருதியில் கலந்து நுரையீரலை அடைந்து மூச்சாக வெளியேறுகின்றன. புற்று உயிரணுக்களின் வளர்சிதை மாற்றம் இயல்பான உயிரணுக்களினின்று வேறுபடுவதால், மூச்சில் இச்சேர்மங்களின் விகிதமும் வேறுபடும் என்பதே ஆய்வாளர்களின் அடிப்படைக் கருதுகோள். மற்றொரு வழி, வெளிக்காற்றிலிருந்து உள்ளே சென்று திரும்ப வருவது. பென்சீன், டொலுயீன், ஸ்டைரீன் போன்றன பெரிதும் இவ்வழியில் வருவன.

2. ஆய்வின் வளர்ச்சி

நுரையீரல் புற்றுநோயாளரின் மூச்சில் உள்ள ஆவியாகும் சேர்மங்களை ஒப்பிட்டு நோக்கிய ஆய்வுகள் 1980களில் வெளிவரத் தொடங்கின. 1999இல் மைக்கேல் ஃபிலிப்ஸ் குழுவினர் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பரவலான கவனத்தைப் பெற்றது. மார்புக் கதிர்ப்படத்தில் மாறுபாடு காணப்பட்ட 108 பேரின் மூச்சு அதில் ஆராயப்பட்டது. 22 சேர்மங்களின் தொகுதி ஒன்று, புற்றுநோய் உடையவரை அஃது இல்லாதவரினின்று பிரித்துக் காட்டுவதாக அக்குழுவினர் தெரிவித்தனர். 2009இல் ஹைஃபா நகரின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஹொசாம் ஹைக் குழுவினர், தங்க நுண்துகள்களால் ஆன உணரிகளின் வரிசையைக் கொண்டு, சேர்மங்களைத் தனித்தனியே பிரிக்காமல், மூச்சின் மொத்த மணக்கோலத்தையே ஒப்பிடும் முறையை வெளியிட்டனர். இத்தகைய கருவி ‘மின்மூக்கு’ எனப்படுகிறது.

மூச்சுச் சோதனைகள் மருத்துவத்திற்குப் புதியன அல்ல. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் நுண்ணுயிரைக் காட்டும் யூரியா மூச்சுச் சோதனை 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. போக்குவரத்துக் காவலர் மது அருந்தியவரை ஊதச் செய்வதும் மூச்சுச் சோதனையே. இவற்றில் தேடப்படும் பொருள் ஒன்றே. யூரியா சோதனையில் அப்பொருளை அடையாளமிட்டுக் கொடுப்பவரும் மருத்துவரே. நுரையீரல் புற்றுநோய்க்கோ அத்தகைய தனிப்பொருள் ஏதும் இதுகாறும் கிட்டவில்லை. பல பொருள்களின் அளவு வேறுபாடுகளைச் சேர்த்துப் புள்ளியியல் முறையில் மதிப்பிட வேண்டியுள்ளது. ஓர் ஆய்வில் முதன்மை பெற்ற சேர்மம் மற்றோர் ஆய்வில் இடம்பெறாமல் போவதும் உண்டு. சேகரிக்கும் முறை, நோயாளரின் உணவு, மருந்து, புகைப்பழக்கம், சூழ்ந்துள்ள காற்று ஆகியன ஆய்வுக்கு ஆய்வு மாறுவதே இதற்குக் காரணம். ஐரோப்பிய மூச்சியல் கழகம் 2017இல் வெளியிட்ட தொழில்நுட்ப நெறிமுறை, சேகரிப்பையும் பகுப்பாய்வையும் சீர்ப்படுத்தும் தேவையை வலியுறுத்தியது.

3. நுண்ணறைக் காற்றும் ஊர்க் காற்றும்

வெளிமூச்சின் முதற்பகுதி வாய், தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றில் தங்கிய காற்று. குருதியோடு வளிமப் பரிமாற்றம் நிகழ்வது, நுரையீரலின் உள்ளே முப்பது கோடிக்கும் மேற்பட்டனவாக அமைந்துள்ள நுண்ணறைகளில். ஆகவே மூச்சின் கடைப்பகுதியையே சேகரிக்க முயல்வர். ஆங்கிலத்தில் இது ‘ஆல்வியோலர்’ காற்று எனப்படும்.

இவ்விடத்தில் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘ஆல்வியோலஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறுகுழி என்பது பொருள். பல் பதிந்துள்ள குழியையும் நுரையீரலின் காற்றறையையும் அச்சொல் குறிக்கும். நாம் ‘ஆல்வியோலர்’ ஒலிகளை நுனியண்ண ஒலிகள் என்றும் பல்லீற்று ஒலிகள் என்றும் வழங்குகிறோம். மொழியியல் கலைச்சொல் அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவக் கட்டுரையை மொழிபெயர்ப்பவர், நுண்ணறைக் காற்றை ‘நுனியண்ணக் காற்று’ ஆக்கிவிடக்கூடும். கலைச்சொல் துறைக்குரியது என்பதற்கு இது தக்க சான்று.

வெளிக்காற்றின் கலப்பை நீக்க, ஃபிலிப்ஸ் குழுவினர் மூச்சிலுள்ள அளவிலிருந்து அறைக்காற்றிலுள்ள அளவைக் கழித்துக் கணக்கிட்டனர். இக்கழித்தல் மும்பையில் எவ்வளவு அரிது என்பதை மூன்று பகுதிகளைக் கொண்டு காணலாம்.

செம்பூரை ஒட்டிய மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1950களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கி வருகின்றன. மாகுல், அம்பாபாடா, செம்பூர்ப் பகுதிகளின் காற்றில் கலக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் பற்றிய வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வழங்கியது. மூச்சாய்வாளர் நோயின் அடையாளமாகத் தேடும் பொருள்களும், தீர்ப்பாயம் மாசு என ஆராய்ந்த பொருள்களும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது எண்ணத்தக்கது.

தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்குத் தோற்பொருள் செய்யும் பட்டறைகளும் பிளாஸ்டிக் கழிவை மறுபயன்பாட்டிற்கு உருமாற்றும் கூடங்களும் வீடுகளை ஒட்டியே அமைந்துள்ளன. தோலை ஒட்டும் பசைகளில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் வழக்கமாகக் கலக்கப்படுவன. பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் ஸ்டைரீன் வெளிப்படும். ஸ்டைரீன், 1999ஆம் ஆண்டு ஆய்வின் 22 சேர்மங்களில் இடம்பெற்ற ஒன்றாகும். தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மாதுங்காவிலோ, பெருஞ்சாலைப் போக்குவரத்தின் எரிபொருட் புகை காற்றில் கலந்துள்ளது.

அறைக்காற்றைக் கழித்துவிட்டால் மட்டும் போதாது. பென்சீன் போன்றவை கொழுப்பில் கரைந்து உடலில் தங்கி, பின்னர்ச் சிறிது சிறிதாக வெளியேறும் இயல்பின. காலையில் மாகுலில் உள்ளிழுத்ததை ஒருவர் நண்பகலில் பரேலில் வெளிவிடக்கூடும். பரேல் அறையின் காற்றை அளந்து கழித்தாலும் மாகுலின் காற்று மூச்சில் எஞ்சிநிற்கும். இதனால் நோயாளரையும், அவரோடு ஒப்பிடப்படும் நலமுடையோரையும் ஒரே வகை வாழிடத்திலிருந்தும் தொழிலிலிருந்தும் தேர்தல் வேண்டும். அவ்வாறு தேராவிடில், கருவி நோயைப் பிரிக்காமல் ஊரையே பிரித்துவிடும். இந்நலமுடையோர் குழுவைத் தமிழில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ‘ஒப்பீட்டுக் குழு’ என்பதே அதன் பணியை உணர்த்தும்.

ஈரப்பதத்தையும் கருத வேண்டும். வெளிமூச்சு நீராவி நிறைந்தது. உலோக ஆக்சைடு உணரிகள் நீராவிக்கும் எதிர்வினை காட்டுவன. குளிர்ந்த வறண்ட காற்றுள்ள ஆய்வகத்தில் பயிற்றுவித்த கருவி, மும்பையின் மழைக்காலத்தில் அதே விடையைத் தரும் எனக் கொள்வதற்கில்லை.

4. நோய்ச்சூழல்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வாண்டு ஏறத்தாழ 81 ஆயிரம் பேர் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் அந்நோயால் இறந்தனர். இவ்விரு எண்களின் நெருக்கமே நோய் முற்றிய நிலையில் வெளிப்படுவதைப் புலப்படுத்துகிறது. தொடக்க நிலையில் அறிய உதவும் எளிய சோதனையின் தேவை இதனால் விளங்கும்.

இப்போது மருத்துவ வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கும் முறை, குறைந்த கதிர்வீச்சுக் கணினிக் குறுக்குவெட்டுப் படம். அமெரிக்காவில் 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, மார்புக் கதிர்ப்படத்தை நோக்க, இப்படமுறை நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 விழுக்காடு குறைத்ததை நிறுவியது. ஆனால் அவ்வாய்வில் ஐயத்திற்குரியவை எனக் குறிக்கப்பட்ட படங்களுள் 96 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்லாதவை. காசநோய் பரவியுள்ள நாட்டில் இச்சிக்கல் பெருகும். ஆறிய காசநோய்த் தழும்பும் முடிச்சும் படத்தில் புற்றுக்கட்டி போலத் தோன்றும். இருமல், சளியில் குருதி, எடை குறைதல் ஆகியன இரு நோய்க்கும் பொது. இதனால் புற்றுநோயாளர் சிலர் முதலில் காசநோய் மருந்தை உட்கொண்டு காலம் இழப்பதும் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. மூச்சாய்விலும் இதே இடர் உண்டு. காசநோய் உண்டாக்கும் அழற்சியும் உயிரணுப் படலத்தைச் சிதைத்து ஒத்த சேர்மங்களை வெளியிடும். ஆகவே இங்கு ஒரு மூச்சுச் சோதனை, புற்றுநோயாளரை நலமுடையோரினின்று பிரித்தல் போதாது; காசநோயாளரினின்றும் பிரித்துக் காட்ட வேண்டும்.

மும்பையின் மற்றொரு பதிவும் குறிப்பிடத்தக்கது. பரேலில் 1941இல் தொடங்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையில், 489 நுரையீரல் புற்றுநோயாளரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2012இல் வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் புகைப்பழக்கம் இல்லாதவர்கள். புகைப்பவரை மட்டும் சோதிக்கும் மேலைநாட்டு நெறியை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது என்பதை இது காட்டுகிறது.

5. ‘கண்டறி’ என்னும் வினை

மேற்கூறிய அறிவியல் செய்திகளின் ஒளியில் ‘மூச்சின் மூலம் புற்றுநோயைக் கண்டறிதல்’ என்னும் தொடரை இனி நோக்கலாம். ‘கண்டறி’ என்பது கண்டு, அறி என்னும் இரண்டின் கூட்டு. இதன் செயப்படுபொருள் உண்மையில் உள்ளதாகவே கொள்ளப்படும். ‘மருத்துவர் புற்றுநோயைக் கண்டறிந்தார், ஆனால் அவருக்குப் புற்றுநோய் இல்லை’ என்பது முரண்பட்ட கூற்றாகும். ‘ஐயுறு’, ‘கருது’ ஆகிய வினைகளில் இம்முரண் எழுவதில்லை.

ஆங்கிலத்தில் மூன்று தனிச்சொற்கள் மூன்று செயல்களைக் குறிக்கின்றன: ‘டிடெக்சன்’, ‘ஸ்கிரீனிங்’, ‘டயக்னோசிஸ்’. கருவி ஒரு பொருளின் இருப்பை உணர்தல் முதலாவது. நோய்க்குறி இல்லாத பலருள் மேற்சோதனை தேவைப்படுவோரைப் பிரித்தெடுத்தல் இரண்டாவது. திசு ஆய்வு முதலியவற்றால் ஒருவரது நோயை உறுதி செய்தல் மூன்றாவது. தமிழில் இம்மூன்றுக்கும் ‘கண்டறிதல்’ என்பதே ஆளப்படுவதால், முதற்செயலின் முடிவு மூன்றாம் செயலின் உறுதியைப் பெற்றுவிடுகிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. 10,000 பேரை மூச்சுச் சோதனைக்கு உட்படுத்துவதாகவும் அவர்களுள் 50 பேருக்கு நோய் இருப்பதாகவும் கொள்வோம். நோயுடையோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையும், நோயற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையும் கருவி சரியாகப் பிரிப்பதாகவும் கொள்வோம். நோயுள்ள 50 பேரில் 45 பேர் குறிக்கப்படுவர், ஐவர் தப்பிவிடுவர். நோயற்ற 9,950 பேரில் 995 பேர் தவறாகக் குறிக்கப்படுவர். ஆகக் குறிக்கப்பட்டோர் 1,040 பேர். நோயுள்ளோர் அவர்களுள் 45 பேர் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 23 பேருக்கு ஒருவர். ‘90 விழுக்காடு துல்லியமாகப் புற்றுநோயைக் கண்டறியும் கருவி’ என எழுதப்படும் செய்தி, இந்த 23 பேருள் 22 பேருக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடுகிறது. நாட்கூலியை நம்பி வாழும் ஒரு தாராவிக் குடும்பத்தில், அச்சொல் வேலையிழப்பும் கடனும் ஆகக்கூடும். தப்பிய ஐவருக்கோ ‘நோய் கண்டறியப்படவில்லை’ என்னும் முடிவு பொய்யான ஆறுதலைத் தந்து மருத்துவரை நாடவிடாமல் தடுக்கும்.

‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்பவற்றை நேர்மறை, எதிர்மறை எனப் பெயர்த்தலும் இவ்வகைக் குழப்பம் தருவதே. பொது வழக்கில் நேர்மறை என்பது நன்மையைச் சுட்டுவதாக வளர்ந்துள்ளது. நோயாளருக்குத் தரும் தாளில் ‘மேற்சோதனை தேவை’, ‘இப்போது மேற்சோதனை தேவையில்லை, அறிகுறி தோன்றினால் வருக’ என எழுதுதல் பொருத்தமாகும்.

6. வினாப்படிவத்தின் மொழி

மூச்சின் வேதியியல் முடிவைப் பொருள்கொள்ள, நோயாளரின் பழக்கமும் அறிகுறியும் தெரிதல் வேண்டும். மும்பையில் இவ்வினாக்கள் இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றிற்கு இடையே கைம்மாறிச் செல்வன.

‘தம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாரசீக மொழியில் மூச்சு எனப் பொருள்படும் இச்சொல், இந்துஸ்தானி வழியாகத் தமிழ்ப் பேச்சில் கலந்தது. ‘தம் பிடி’ என்றால் மூச்சை அடக்கு. ‘தம் அடி’ என்றால் புகை பிடி. இந்தியில் ‘தமா’ என்பது ஆஸ்துமா. சோதனைக் கூடத்தில் ‘தம் எப்படி?’ எனக் கேட்டால், விடை மூச்சுத் திணறலைப் பற்றியதா, பீடியைப் பற்றியதா என்பது வினவியவருக்கே விளங்காது போகலாம்.

‘இளைப்பு’ என்னும் தமிழ்ச்சொல் மூச்சு வாங்குதலையும் உடல் மெலிதலையும் குறிக்கும். நுரையீரல் புற்றுநோயில் இரண்டுமே அறிகுறிகள். தமிழறியாத மருத்துவருக்கு எடுத்துரைப்பவர் ஒன்றை மட்டும் சொன்னால் மற்றது மறையும். ‘இழுப்பு’ என்பதும் மூச்சிரைப்பையும் வலிப்பையும் ஒருங்கே குறிப்பது. ஆகவே வினாப்படிவத்தில் ‘படியேறும்போது மூச்சு வாங்குகிறதா?’, ‘உடுத்தும் துணி தளர்ந்துவிட்டதா?’ எனத் தனித்தனியே கேட்டல் நலம்.

புகைப்பழக்கத்தை அளக்க ஆங்கிலத்தில் ‘பேக் இயர்’ என்னும் அலகு உண்டு. நாளொன்றுக்கு 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைத்தல் ஓர் அலகு. இதனைப் ‘பெட்டி ஆண்டு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பீடியைக் கட்டாக வாங்குபவருக்கு விளங்காது. நாளொன்றுக்கு எத்தனை பீடி, எத்தனை ஆண்டு என வினவி, அலகைக் கணக்கிடும் பொறுப்பை ஆய்வாளர் ஏற்றல் வேண்டும். புகைக்காதவரே பாதிப்பேர் என்பதால், தொழில், அடுப்பின் வகை, வாழுமிடம் ஆகியன பற்றிய வினாக்களும் இன்றியமையாதன.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று.

முதலாவது, ‘கண்டறி’ என்னும் வினையை மூச்சுப் பகுப்பாய்வில் வேதிப்பொருளுக்கு மட்டும் உரியதாக்குதல் நலம். ‘மூச்சில் ஹெக்சனாலைக் கண்டறிந்தனர்’ என்பது சரி; ‘மூச்சில் புற்றுநோயைக் கண்டறிந்தனர்’ என்பது ஆய்வு நிறுவாததைக் கூறுவது.

இரண்டாவது, ‘ஸ்கிரீனிங்’ என்பதற்கு ‘முற்சோதனை’ என்பதை ஆளலாம். சல்லடையை அடியொற்றிச் ‘சலித்தெடுப்பு’ என்றும் அமைக்கலாம் எனினும், சலிப்பு என்பது சோர்வையும் வெறுப்பையும் உணர்த்துவதால் நோயாளர் முன் வழங்குவதற்கு உரியதன்று. ‘முற்சோதனை’ என்பதன் முன்னொட்டே, பின்னும் ஒரு சோதனை உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘டயக்னோசிஸ்’ என்பதற்கு இவ்விடத்தில் ‘நோய் உறுதிப்பாடு’ என்பது பொருந்தும்.

மூன்றாவது, மூச்சு என்பது உடல் மட்டும் எழுதிய பனுவல் அன்று. செம்பூரின் ஆலையும் தாராவியின் பட்டறையும் மாதுங்காவின் சாலையும் அதில் தம் பங்கை எழுதுகின்றன. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் மூலபாடத்தையும் இடைச்செருகலையும் பிரிப்பதுபோல, ஆய்வாளர் நோயின் பங்கையும் ஊரின் பங்கையும் பிரித்தாக வேண்டும். அதற்கு அப்பகுதி மக்களின் மூச்சையே கொண்டு கருவியைப் பயிற்றுவித்தல் வேண்டும். அப்பணிக்கு அம்மக்களின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் பெற அவர்தம் மொழியில் எழுதிய படிவம் தேவை. அப்படிவத்தில் எந்த வினை எந்தச் செயப்படுபொருளைக் கொள்கிறது என்பதை முடிவு செய்பவர் மொழிபெயர்ப்பாளரே.